அரணிலா நாட்டின் அரண்: ததேயுஸ் கோசியுஸ்கோ

ஆழ்ந்த நீரும், வெட்டவெளி நிலமும், ஓங்கிய மலையும், அடர்ந்த காடும் ஒரு நாட்டிற்கு அரண்களாம் என வள்ளுவர் பெருமான் வகுத்தோதினார். அவ்வரண்கள் யாவும் ஒருங்கே அமையப்பெற்ற நாடுகள் சில; ஒன்றிரண்டே பெற்றவை பல. கிழக்கும் மேற்கும் சுவரெழுப்பாத வீடு போலத் திறந்து கிடந்து, அதனாலேயே எண்ணிறந்த இன்னல்களுக்கு ஆளாகிய நாடு ஒன்று ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே உளது. அதுவே போலந்து. அரண் அமைக்குங் கலையையே தம் தொழிலாகக் கற்று, பிறநாட்டிற்குக் கோட்டை கட்டிக் கொடுத்து, தம் நாட்டிற்கு உண்மையான அரண் யாது என்று தேடுவதிலேயே வாழ்நாளைக் கழித்த பெருமகனார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்க விழைகின்றேன். அவர் பெயர் ததேயுஸ் கோசியுஸ்கோ. ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் 2,228 மீட்டர் உயரமுள்ள கோசியுஸ்கோ மலை என்று பூகோள நூலில் நாம் படித்திருக்கின்றோம். அப்பெயருக்குரியார் யாவர் என நம்முள் எத்துணைப் பேர் வினவினோம்?

நாடும் மக்களும்

போலந்தின் தெற்கெல்லையில் கார்ப்பேதிய மலைத்தொடரும், வடக்கெல்லையில் பால்டிக் கடலும் உள்ளன. கிழக்கிலும் மேற்கிலும், குதிரைப்படை தடையின்றி விரைந்து செல்லத்தக்க சமவெளியே பரந்து கிடக்கின்றது. தென்மலையிற் பிறந்து, ஏறத்தாழ 1,050 கிலோமீட்டர் நடந்து, வடகடலிற் கலக்கும் விஸ்துலா ஆறு அச்சமவெளியின் உயிர்நாடியாம். போலர் என்னும் பெயர்தானும் வயல் என்று பொருள்படும் அவர்தம் மொழிச்சொல்லினின்று தோன்றியது என்பர் மொழிநூலார்.

966-ஆம் ஆண்டு மியெஸ்கோ என்னும் தலைவர் ஞானஸ்நானம் பெற்றது முதல் அந்நாட்டின் வரலாறு தெளிவாகத் தொடங்குகின்றது. 1386-இல் போலந்தின் இளம் அரசி யாத்விகா, லித்துவேனியத் தலைவர் யோகைலாவை மணந்தார். 1569-இல் லுப்ளின் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையால் இரு நாடுகளும் ஒரே கூட்டரசாயின. ஐரோப்பாவின் மிகப் பரந்த அரசுகளுள் ஒன்றாக அது திகழ்ந்தது. 1683-இல் துருக்கிப் படை வியன்னா நகரை முற்றுகையிட்டபோது, அதனை மீட்கச் சென்ற படைகளுக்குத் தலைமை தாங்கியவர் போலந்தின் மன்னர் சோபியெஸ்கியே ஆவர்.

ஆயினும் அப்பெருமையின் உள்ளே புழுவொன்று அரித்துக்கொண்டிருந்தது. 1572-இல் பழைய அரச குடியில் ஆண் வழி அற்றுப்போகவே, பிரபுக்கள் கூடி அரசரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நிலைத்தது. பேரவையில் ஒரே ஒருவர் எழுந்து மறுத்தாலும் சட்டம் வீழும் என்னும் விந்தையான உரிமை 1652-இல் செயலுக்கு வந்தது. சுதந்தரம் என்னும் சொல் அந்நாட்டில் ஓயாது ஒலித்தது. ஆனால் அச்சுதந்தரம் மக்களிற் பத்திலொரு பங்கிற்கு மேற்படாத பிரபுக்களுக்கே உரியதாயிருந்தது. உழவரோ நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையடிமைகள். ஆண்டையின் இசைவின்றி ஊரைவிட்டுப் பெயரார். வாரத்திற் பல நாள் கூலியின்றி அவர் வயலில் உழைப்பர். இந்நாடு யாருடையது என்று அவ்வுழவரைக் கேட்டிருந்தால் அவர் யாது விடை பகர்ந்திருப்பார்? தமக்கு உரியதல்லாத ஒன்றை எவரே உயிர் கொடுத்துக் காப்பார்? இவ்வினா கோசியுஸ்கோவின் வாழ்க்கை முழுவதையும் நிழல்போற் றொடர்ந்தது.

பிறப்பும் கல்வியும்

1746-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில், இன்று பெலாரஸ் நாட்டைச் சார்ந்துள்ள கோசவா என்னும் ஊரின் அருகே, சிறு பிரபுக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தையார் லுத்விக், தாயார் தெக்லா. நான்கு மக்களுள் இவரே கடைக்குட்டி. லித்துவேனியப் பகுதியிற் பிறந்து, போலிஷ் மொழியிற் பயின்று, கூட்டரசு முழுவதையும் தம் தாயகமாகக் கருதி வளர்ந்தமையால், இக்காலத்தில் போலந்து, லித்துவேனியா, பெலாரஸ் ஆகிய மூன்று நாட்டினரும் அவரைத் தம்மவர் என்று போற்றுகின்றனர்.

லுபியெஷூவ் என்னும் ஊரில் பியாரிஸ்டுக் குருமார் நடத்திய பள்ளியில் அவர் கல்வி பயின்றார். பண்டை வரலாற்றைப் படிக்குங்கால் கொரிந்து நகரத் திமோலியன் என்னும் வீரனிடத்தில் அவர் உள்ளம் பெரிதும் ஈடுபட்டது என்பர். அத்திமோலியன் கொடுங்கோலரை வீழ்த்திச் சிசிலித் தீவினரை விடுவித்தபின், ஆட்சி எதனையும் தனக்கென வேண்டாது ஒதுங்கி வாழ்ந்தவன். பன்னிரண்டாம் அகவையில் தந்தையாரை இழந்த சிறுவன், அவனையே தனக்கு வழிகாட்டியாகக் கொண்டதில் வியப்பென்னை?

1765-இல் மன்னர் ஸ்தனிஸ்லாவ் ஆகஸ்து வார்சா நகரில் படைக்கலைப் பள்ளி ஒன்றை நிறுவினார். அவ்வாண்டின் இறுதியிலேயே கோசியுஸ்கோ அதில் மாணாக்கராய்ச் சேர்ந்தார். பின்னர் 1769-இல் உதவிச் சம்பளம் பெற்றுப் பாரிஸ் நகரம் சென்றார். அயல்நாட்டார் ஆதலின் பிரஞ்சுப் படைப்பள்ளிகளிற் சேர இயலவில்லை. ஓவியப் பள்ளியிற் சேர்ந்து வரைகலை பயின்றுகொண்டே, கோட்டை கட்டுங்கலையையும் பொறியியலையும் தம் முயற்சியாற் கற்றார். கதவு அடைக்கப்பட்டதென்று திரும்பாது, திறந்திருந்த வேறொரு கதவின் வழியே உட்புகுந்த அம்மாணவர் நம்மனோர்க்கு நல்லதோர் எடுத்துக்காட்டாவார்.

அவர் பாரிஸில் இருந்தபோதே தாயகத்திற்குப் பேரிடி வீழ்ந்தது. 1772-இல் இரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்று அண்டைப் பேரரசுகளும் கூடிப் போலந்தின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தம்முட் பகிர்ந்துகொண்டன. 1774-இல் கோசியுஸ்கோ திரும்பி வந்தார். சுருங்கிய நாட்டில், சுருங்கிய படையில், அவருக்கு இடமில்லை. குடும்பச் சொத்தையோ தமையனார் கடனில் ஆழ்த்தியிருந்தார். சொஸ்னோவ்ஸ்கி என்னும் பெருஞ்செல்வரின் வீட்டில் ஆசிரியராய் அமர்ந்தவர், அவர் மகள் லுத்விகாவிடத்தில் காதல் கொண்டார். இருவரும் ஊரைவிட்டகல முயன்றபோது தந்தையின் ஏவலாளர் வழிமறித்து அவரைப் புடைத்தனர் என்பது வரலாறு. பொருளுமின்றி, பதவியுமின்றி, மானமும் புண்பட்ட நிலையில் அவர் தாயகத்தை நீங்கினார்.

அமெரிக்க விடுதலைப் போரில்

1776-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் பிலடெல்பியா நகரை அடைந்தார். அமெரிக்கர் தம் விடுதலையைப் பறைசாற்றி ஒரு திங்களே கழிந்திருந்தது. அவர்களிடம் துணிவு இருந்தது. கோட்டை கட்டுங்கலை வல்லார் அரியர். அக்டோபர் 18-ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரஸ் அவரைக் கர்னல் பதவியோடு பொறியியலாளராக அமர்த்தியது.

1777-இல் தைகொண்டிரோகா என்னும் கோட்டைக்கு அவர் அனுப்பப்பட்டார். கோட்டையின் எதிரே உயர்ந்து நின்ற குன்றின்மீது பீரங்கிகளை ஏற்றிவைத்தல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். செங்குத்தான அக்குன்றில் பீரங்கி ஏற்றுதல் இயலாதென மேலதிகாரிகள் தள்ளிவிட்டனர். சின்னாட்களில் ஆங்கிலப் படை அதே குன்றின்மேல் பீரங்கியை ஏற்றியது. அமெரிக்கர் கோட்டையைக் கைவிட்டு இரவோடிரவாக ஓட நேர்ந்தது. கோசியுஸ்கோ தம் சொற் கேளாதாரை இகழ்ந்து காலம் போக்கினாரல்லர். பின்வாங்கும் படையைக் காக்கும் பொருட்டு மரங்களை வழியில் வெட்டி வீழ்த்தினார், பாலங்களைத் தகர்த்தார், ஓடைகளை அணையிட்டு வழியெங்கும் சேறாக்கினார். ஆங்கிலத் தளபதி பர்கோயினின் படை நத்தைபோல் ஊர்ந்தது. அதற்குள் ஹட்சன் ஆற்றின் கரையிலுள்ள பெமிஸ் மேட்டை அவர் தேர்ந்தெடுத்து அரண் செய்தார். அந்நிலத்தைக் கடக்கமாட்டாது, 1777 அக்டோபர் 17-ஆம் நாள் சரடோகாவில் பர்கோயின் தம் படையுடன் சரணடைந்தார். அமெரிக்கப் போரின் திருப்புமுனை என வரலாற்றாசிரியர் இவ்வெற்றியைக் கூறுவர். வெற்றிபெற்ற தளபதி கேட்ஸ், இதன் பெருமையிற் பெரும்பங்கு இடந்தேர்ந்த இளம் போலந்தினருக்கே உரியதென ஒப்புக்கொண்டார்.

1778 முதல் 1780 வரை, ஹட்சன் ஆறு வளைந்து செல்லும் வெஸ்ட் பாயின்ட் என்னும் இடத்தில் அடுக்கடுக்காகக் கோட்டைகளை அவர் எழுப்பினார். அதனைத் தாக்க ஆங்கிலேயர் துணியவில்லை. ஆதலின் 1780-இல் அதன் தலைவராயிருந்த ஆர்னல்டு என்பாரைப் பொருளால் வளைத்து, கோட்டையைக் காட்டிக்கொடுக்கச் செய்ய முயன்றனர். அச்சூழ்ச்சி வெளிப்பட்டு அழிந்தது. கல்லால் அமைந்த அரண் எத்துணை வலியதாயினும், உள்ளிருப்பார் உள்ளம் திரிந்தால் அதனால் பயனில்லை என்னும் பாடத்தை அவர் அங்கே கற்றிருத்தல் வேண்டும்.

பின்னர்த் தென்பகுதியில் தளபதி கிரீனுடன் பணியாற்றி, ஆறுகளை அளந்தும், படகுகளைக் கட்டுவித்தும், பன்முறை அப்படையைக் காத்தார். இக்காலத்தில் அவருக்கு உதவியாளராய் இருந்தவர் அக்ரிப்பா ஹல் என்னும் நீக்ரோ இனத்தவர். அவர் அடிமையல்லர், உரிமையுடைய மனிதர். ஆனால் தென்னாட்டுப் பெருந்தோட்டங்களில் அவ்வினத்தார் ஆயிரமாயிரவர் அடிமைகளாய் உழன்றதைக் கோசியுஸ்கோ கண்ணெதிரே கண்டார். விடுதலைக்காகப் போர் புரியும் மக்கள் பிறரை விலைகொடுத்து வாங்கும் முரண்பாடு அவர் நெஞ்சை உறுத்தியது. தம் தாயகத்துப் பண்ணையடிமைகளும் அவர் நினைவிற்கு வந்திருப்பர்.

1783-இல் காங்கிரஸ் அவருக்குப் பிரிகேடியர் ஜெனரல் என்னும் பட்டம் அளித்தது. ஏழாண்டுச் சம்பளம் கடனாகவே நின்றது. 1784-இல் வெறுங்கையினராய், ஆனால் புகழுடன், அவர் தாயகம் மீண்டார்.

உழவர் நண்பர்

சியெஹ்னோவித்சே என்னும் ஊரில் எஞ்சியிருந்த சிறு நிலத்தில் அவர் அமர்ந்தார். அங்கே அவர் செய்த முதற்பெருஞ்செயல் கோட்டை கட்டியதன்று. தம் குடிகளில் ஆடவர் வாரத்திற்கு இரண்டு நாள் மட்டும் ஊழியம் செய்தாற் போதும் என்றும், பெண்டிர் ஊழியமே செய்ய வேண்டா என்றும் விதித்தார். இதனால் அவர் வருவாய் குறைந்தது; வறுமை மிகுந்தது. ஆயினும் பிறரை விடுவிப்பேன் என்று முழங்குவோன் முதலில் தன் வாயிற்படியிலிருந்து தொடங்கல் வேண்டும் என்பதை அவர் செயலாற் காட்டினார்.

இதற்கிடையே போலந்தினர் விழித்தெழுந்தனர். 1788 முதல் நான்காண்டு நடந்த பேரவை, நாட்டைச் சீர்திருத்த முற்பட்டது. 1789-இல் கோசியுஸ்கோ படைத்தலைவர்களுள் ஒருவராய் அமர்த்தப்பட்டார். 1791 மே 3-ஆம் நாள் புதிய அரசியற்சட்டம் நிறைவேறியது. ஒருவர் மறுப்பால் சட்டம் வீழும் வழக்கம் அதனால் ஒழிந்தது. நகர மாந்தர்க்கு உரிமைகள் வந்தன. உழவர்க்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டென்று கூறப்பட்டது. கூறப்பட்டதேயன்றி, அவர்தம் தளை அவிழ்க்கப்படவில்லை.

சீர்திருந்திய போலந்தை இரஷ்யப் பேரரசி காதரைன் விரும்பவில்லை. தம் சலுகைகளை இழந்த பெரும்பிரபுக்கள் சிலர், அவள் துணையை நாடித் தார்கோவித்சா என்னும் பெயரால் கூட்டுச் சேர்ந்தனர். 1792-இல் இரஷ்யப் படை புகுந்தது. சூலை 18-ஆம் நாள் தூபியென்கா என்னுமிடத்தில், பூக் ஆற்றங்கரையில், ஏறத்தாழ 5,000 வீரருடன் கோசியுஸ்கோ 25,000 பேர் கொண்ட படையை எதிர்த்து நின்று, தம் படை சிதையாமல் விலகினார். வீரர் களத்தில் நிற்க, மன்னரோ பகைவர் பக்கம் சேர்ந்து போரை நிறுத்தினார். கோசியுஸ்கோ தம் பதவியைத் துறந்து நாட்டை நீங்கினார். 1793-இல் இரஷ்யாவும் பிரஷ்யாவும் இரண்டாம் முறை நாட்டைக் கூறுபோட்டன. முன்னிருந்ததில் மூன்றிலொரு பங்கினுங் குறைந்த நிலமே எஞ்சியது.

அரிவாள் ஏந்திய படை

1794 மார்ச்சு 24-ஆம் நாள். கிராக்கோ நகரத்துக் கப்பூச்சின் துறவியர் கோயிலில் வாள் மந்திரிக்கப்பெற்று, கோசியுஸ்கோ அந்நகரின் பெரிய சந்தைத் திடலுக்கு வந்தார். திரண்டிருந்த மக்கள் முன்னிலையில், தமக்கு அளிக்கப்படும் அதிகாரத்தை எவரையும் ஒடுக்கப் பயன்படுத்துவதில்லை என்றும், நாட்டின் எல்லையையும் மக்களின் உரிமையையும் காக்கவே பயன்படுத்துவதாகவும் ஆணையிட்டார்.

படையோ சிறிது, துப்பாக்கிகள் போதா. அதுகாறும் பிரபுக்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட போருக்கு அவர் உழவரை அழைத்தார். வைக்கோல் அறுக்கும் நெடுங்காம்பு அரிவாளின் அலகைக் காம்பின் நுனியில் நேராக நிமிர்த்திப் பிணைத்தால், அது கொடிய ஈட்டியாகும். அவ்வாயுதம் ஏந்திய உழவர் ஏறத்தாழ 2,000 பேர் அவருடன் சேர்ந்தனர். ஏப்ரல் 4-ஆம் நாள் ராத்ஸ்லாவித்சே என்னும் ஊரருகே இரஷ்யப் படையோடு போர் மூண்டது. முழங்கும் பீரங்கிகளை நோக்கி அரிவாள் வீரர் பாய்ந்தனர். பார்தோஷ் என்னும் பண்ணையாள், தீப்பற்ற இருந்த பீரங்கியின் திரியைத் தன் தொப்பியாற் பொத்தி அணைத்தான் என்று அந்நாட்டார் இன்றும் பெருமையோடு கூறுவர். பீரங்கிகள் பல கைப்பற்றப்பட்டன, வெற்றி போலந்தினர்க்காயிற்று. அன்றுமுதல் பார்தோஷ் அடிமையல்லன். படையிற் கொடி தாங்கும் பதவி பெற்ற வீரன். கோசியுஸ்கோவும் அவ்வுழவரைச் சிறப்பிக்கும் பொருட்டு, பிரபுக்களின் பட்டாடையை நீக்கிக் குடியானவரின் முரட்டு அங்கியை அணிந்து அவர் நடுவே தோன்றினார்.

வெற்றிச் செய்தி பரவவே வார்சாவும் வில்னோவும் கிளர்ந்தெழுந்தன. வார்சாவில் மக்களுக்கு வழிகாட்டியோருள் ஒருவர் கிலின்ஸ்கி என்னும் செருப்புத் தைக்குந் தொழிலாளர். பின்னர் யூதருள்ளும் பெரெக் யோசெலெவித்ச் என்பார் தம் இனத்தவரைத் திரட்டிக் குதிரைப்படை ஒன்று அமைத்தார். நாடு எல்லோருக்கும் உரியது என்னும் எண்ணம் முதன்முறையாக உருப்பெற்றது.

அவ்வெண்ணத்தைச் சட்டமாக்க முற்பட்டார் கோசியுஸ்கோ. மே 7-ஆம் நாள் பொவானியெத்ஸ் என்னும் ஊர்ப் பாசறையிலிருந்து அறிக்கையொன்று வெளியிட்டார். உழவர் தம் உடலளவில் உரிமையுடையவர். கடனையும் வரியையும் செலுத்தியபின் விரும்பிய இடம் செல்லலாம். உழுத நிலத்தினின்று காரணமின்றி விரட்டப்படார். ஊழிய நாட்கள் குறைக்கப்படும். படையிற் சேர்ந்தவர் இல்லத்தார் அக்காலம்வரை ஊழியம் செய்ய வேண்டா. இதுவே அதன் சாரம். நடுநிலையோடு நோக்கின், இவ்வறிக்கை முழு விடுதலை ஆகாது. ஊழியம் அறவே ஒழியவில்லை, நிலம் உழவனுடையதாகவில்லை. பிரபுக்களின் துணையை இழக்க அஞ்சிய தலைவர், பாதி வழியிலேயே நின்றார். அப்பாதியையும் பல பிரபுக்கள் தம் குடிகளுக்கு அறிவிக்கவில்லை. அறிவித்தோருட் பலர் நிறைவேற்றவில்லை. முழுவதும் கொடாதவன் முழுத் துணையையும் எதிர்பார்த்தல் இயலுமோ?

சூன் 6-ஆம் நாள் ஷ்செகோசினி என்னுமிடத்தில் இரஷ்யரும் பிரஷ்யரும் ஒருங்கு கூடி அவரை வென்றனர். பார்தோஷ் அப்போரிற் பெற்ற புண்ணால் மாண்டான். அதன்பின் சூலை முதல் செப்டம்பர் வரை வார்சா நகரை முற்றுகையினின்று கோசியுஸ்கோ காத்த திறம், அரண்கலையின் அரும்பெரும் எடுத்துக்காட்டு எனப்படும். நகர மாந்தர் ஆணும் பெண்ணும் மண் சுமந்து அரண் எழுப்பினர். பகைவர் முற்றுகையை விட்டகன்றனர். ஆயினும் அக்டோபர் 10-ஆம் நாள் மாச்சியெயோவித்சே போர்க்களத்தில் படுகாயமுற்று வீழ்ந்த அவர் சிறைப்பட்டார். போலந்து இதனோடு ஒழிந்தது என்று அவர் அப்போது கூறியதாக ஒரு செய்தி பரவியது. அங்ஙனம் தாம் கூறவேயில்லை எனப் பின்னாளில் அவர் வன்மையாக மறுத்தார். நாடு ஒரு மனிதரோடு முடிவதென எண்ணுவாரல்லர் அவர்.

நவம்பர் 4-ஆம் நாள் சுவாரவின் படை வார்சாவின் பிராகா பகுதியிற் புகுந்து குடிமக்களை ஆயிரக்கணக்கில் கொன்று குவித்தது. 1795-இல் மூன்றாம் பங்கீடு நிகழ்ந்தது. ஆயிரம் ஆண்டு நெருங்கிய வரலாறுடைய நாடு, ஐரோப்பாவின் படத்தினின்றே துடைக்கப்பட்டது.

சிறையும் சாசனமும்

ஈராண்டு இரஷ்யத் தலைநகரிற் சிறையிருந்த கோசியுஸ்கோவை, 1796-இல் காதரைன் இறந்தபின், அவள் மகன் பவுல் விடுவித்தான். தாம் பேரரசருக்கு எதிராக எழுவதில்லை என அவர் ஆணையிட வேண்டியிருந்தது. தம்மோடு சிறைப்பட்ட ஆயிரக்கணக்கான தோழரின் விடுதலையும் அதனைச் சார்ந்திருந்தமையால், மனங்கசந்து அவர் இசைந்தார்.

1797 ஆகஸ்டில் மீண்டும் பிலடெல்பியா சென்றார். அங்கே ஒரு சிறு வாடகை அறையில், புண் ஆறாத உடலோடு அவர் தங்கியிருந்தார். அறிஞர் ஜெபர்ஸன் அடிக்கடி வந்து அளவளாவினார். நிலுவையிலிருந்த சம்பளம் வட்டியோடு அப்போது கிடைத்தது. வாழ்நாளெல்லாம் வறுமையுற்ற ஒருவர் அப்பொருளைக்கொண்டு யாது செய்வார்? 1798 மே 5-ஆம் நாள் கோசியுஸ்கோ இறுதிச் சாசனம் ஒன்று எழுதினார். தம் அமெரிக்கச் சொத்து முழுவதையும் நீக்ரோ அடிமைகளை விலைகொடுத்து விடுவிக்கவும், அவர்களுக்குக் கல்வியும் தொழிலும் கற்பித்து நற்குடிகளாக்கவும் செலவிடுமாறு அதில் விதித்தார். அதனை நிறைவேற்றும் பொறுப்பை ஜெபர்ஸனிடமே ஒப்படைத்தார். ஜெபர்ஸன் தாமும் பல அடிமைகளை உடையவர்; அவர் அடிமைகளையும் அப்பொருளால் விடுவிக்கலாம் என்று சாசனம் வெளிப்படையாகக் கூறியது. நண்பரின் புண்ணை மறையாது, அதற்கு மருந்தையும் கையிற் கொடுத்த நட்பு அது.

இறுதி நாட்கள்

அவ்வாண்டே அவர் பிரான்சு திரும்பினார். நெப்போலியனை நம்பிப் போலந்து வீரர் பலர் அவன் கொடியின்கீழ்ச் சேர்ந்தனர். கோசியுஸ்கோ அவனை நம்பவில்லை. 1802-இல் அவன் ஏறத்தாழ 5,000 போலந்து வீரரை எய்ட்டித் தீவிற்கு அனுப்பினான். விடுதலைக்குப் போராடிய முன்னாள் அடிமைகளை ஒடுக்குவதே அவர்களுக்கு இட்ட பணி. அவருட் பெரும்பாலோர் நோயாலும் போராலும் அங்கேயே மாண்டனர். 1807-இல் தம் துணையை வேண்டியபோது, மக்களுரிமை காக்கும் அரசியற்சட்டமும், உழவர் விடுதலையும், பழைய எல்லைகளும் உறுதி செய்யப்பட வேண்டும் எனக் கோசியுஸ்கோ கேட்டார். நெப்போலியன் இசையவில்லை, இவரும் அவனைச் சாரவில்லை. 1815-இல் இரஷ்யப் பேரரசர் அலெக்ஸாந்தர் பெயரளவிற்கு ஒரு போலந்து இராச்சியத்தை அமைத்தபோதும், அது தாம் வேண்டிய போலந்தன்று எனக் கூறி விலகி நின்றார்.

சுவிட்சர்லாந்து நாட்டுச் சொலொதூர்ன் நகரில், செல்ட்னர் என்னும் நண்பர் குடும்பத்தாருடன் இறுதி நாட்களைக் கழித்தார். அவர் குதிரை வழியில் ஏழை எவரைக் காணினும் தானே நின்றுவிடும் என்று ஒரு கதை வழங்குகின்றது. அத்துணை முறை அவர் நின்று ஈந்திருந்தாராம். 1817 ஏப்ரல் 2-ஆம் நாள், சியெஹ்னோவித்சேயில் எஞ்சியிருந்த தம் குடிகள் அனைவரையும் முற்றும் விடுவித்து எழுதினார். 1794-இல் பாதியில் நின்ற அடியை, எழுபத்தோராம் அகவையில், தம் சொந்த நிலத்திலேனும் முழுமையாக எடுத்து வைத்தார். அவ்வாண்டு அக்டோபர் 15-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

விதைத்ததும் விளைந்ததும்

அவர் எழுதிய இரு விடுதலைச் சாசனங்களும் என்னாயின? சியெஹ்னோவித்சே உழவரின் விடுதலையை இரஷ்யப் பேரரசர் ஏற்கவில்லை. அமெரிக்கச் சாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பை, முதுமையைக் காரணங்காட்டி ஜெபர்ஸன் ஏற்க மறுத்தார். உறவினர் வழக்காடினர். 1852-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சாசனம் செல்லாதெனத் தீர்த்து, பொருளை உறவினர்க்கே அளித்தது. அப்பொருளால் ஓர் அடிமையேனும் விடுவிக்கப்படவில்லை. 1826-இல் ஜெபர்ஸன் இறந்தபின், 1827 சனவரியில் அவருடைய அடிமைகள் ஏறத்தாழ 130 பேர் ஏலத்தில் விற்கப்பட்டனர். பெரியோர் சிலரின் புகழிலும் இத்தகைய கறை உண்டென்பதை வரலாறு மறைப்பதில்லை.

தாயகத்திலும் அவர் அஞ்சியதே நிகழ்ந்தது. 1846-இல் ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த கலீசியப் பகுதியில் போலந்துப் பிரபுக்கள் விடுதலைக்கு எழுந்தபோது, உழவர் அவரோடு சேரவில்லை. மாறாக, அவர்மீதே பாய்ந்து ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொன்றனர். நூற்றாண்டுகளாக அடக்கிய சினம் அது. 1863-இல் இரஷ்யப் பகுதியில் மற்றொரு கிளர்ச்சி எழ, அடுத்த ஆண்டே பேரரசர் உழவர்க்கு நிலத்தை அளித்தார். கிளர்ச்சிக்காரரினின்று அவரைப் பிரித்தலே அதன் நோக்கம். தம் மக்களுக்குத் தாமே கொடாத உரிமையைப் பகைவர் கொடுத்துப் பெயர் பெற்றனர்.

எனினும் நல்விதை வீண்போவதில்லை. 1818-இல் அவர் உடல் கிராக்கோவின் வாவெல் பேராலயத்தில், மன்னர் பலர் துயிலும் நிலவறையில் வைக்கப்பட்டது. 1820 முதல் 1823 வரை அந்நகர மக்கள் தம் கைகளால் மண் சுமந்து கொட்டி, ஏறத்தாழ 34 மீட்டர் உயரமுள்ள குன்றொன்றை அவர் நினைவாக எழுப்பினர். அவர் போரிட்ட களங்களின் மண்ணும் அதிற் கலந்துளது. 1840-இல் ஆஸ்திரேலிய மலைமீது ஏறிய போலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் ஸ்திரெலெக்கிக்கு அச்சிகரத்தின் தோற்றம் கிராக்கோவின் குன்றை நினைவூட்டியதாலேயே, அம்மலைக்கு அப்பெயர் வாய்த்தது. 123 ஆண்டு அடிமைத்தளைக்குப் பின் 1918-இல் போலந்து மீண்டும் விடுதலை பெற்றது. 1939-இல் இட்லரும் ஸ்டாலினும் அந்நாட்டை மறுபடியும் பிளந்தபோது, தாயகமிழந்து இங்கிலாந்திலிருந்து வானிற் போர் புரிந்த போலந்து விமானப்படைப் பிரிவொன்று அவர் பெயரையே தாங்கியது.

அரண் பற்றிய அதிகாரத்தைத் தொடங்கிய வள்ளுவர், அதனை முடிக்குங்கால், எத்துணை மாட்சியுடையதாயினும் செயல் மாட்சியுடைய மாந்தர் இல்லையேல் அரண் இல்லாததே என்று கூறி நிறுத்துகின்றார். கோசியுஸ்கோவின் வாழ்க்கை அதற்கோர் உரை எனலாம். மலையும் கடலும் காவாத தம் நாட்டிற்கு, உரிமை பெற்ற உழவரே மதில் என்று அவர் கண்டார். அம்மதிலை அவர் கட்டி முடிக்கவில்லை. அடிக்கல் நாட்டிச் சென்றார். கல்வி பயிலும் நாம் ஒவ்வொருவரும் நம்மை ஒன்று கேட்டுக்கொள்ளல் தகும்: நாம் விழையும் உரிமை, நமக்குப் பணி செய்யும் ஏழைக்கும் உரியதென மனமார ஒப்புகின்றோமா? ஒப்பின், நம் வாயிற்படியிலிருந்தே அதனைத் தொடங்குவோமாக.